புரூக்ளினில் ஒரு முக்கோண மேசை

நியூயார்க்கின் புரூக்ளின் மியூசியத்தில் அமெரிக்கக் கலைஞர் ஜூடி சிகாகோவின் ‘தி டின்னர் பார்ட்டி’ பார்த்தேன். 1979இல் முடிந்த படைப்பு. முக்கோண மேசையில் வரலாறு ஒதுக்கிய 39 பெண்களுக்கு இடம். எல்லோரும் பீங்கான் தட்டுகளைப் படமெடுக்க, தையல்காரியான என் கண் தட்டுக்கடியில் விரித்த துணிகள் மேலேயே நின்றது. என்ன எம்பிராய்டரி! கரோலின் ஹெர்ஷலின் தட்டு நடுவே ஒரு கண், துணியில் விண்வெளி. வால்மீன்கள் கண்டுபிடித்த வானியலாளர் இவர்; பள்ளியில் அண்ணன் வில்லியமை மட்டும்தான் படித்தோம்.

தரை ஓடுகளில் இன்னும் 999 பெயர்கள். (அதில் கிரேக்கச் சிற்பி கிரெசிலாஸ் ஆண்! பெண்ணென்று நினைத்துச் சேர்த்துவிட்டார்களாம்.)

ஒன்று உறுத்தியது. மேசையில் கறுப்பினப் பெண், அமெரிக்க அடிமை ஒழிப்புப் போராளி சோஜர்னர் ட்ரூத் ஒருவர்தான். பெரும்பாலான தட்டுகளில் பெண்ணுறுப்பை நினைவூட்டும் வடிவம். அவருக்கோ வெறும் முகங்கள். எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் இதை 1979லேயே கேட்டுவிட்டார்.