கல்லட்டிக்குக் கீழே

ஊட்டி என்றாலே தேயிலையும் பனிமூட்டமும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். கல்லட்டிக்குக் கீழே சீகூர் பக்கம் வந்தால் வேறு மாவட்டத்துக்கு வந்த மாதிரி இருக்கும். தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துக்கொள்வதால் முள்ளும் புதரும் குட்டை மரங்களுமாகக் காய்ந்து கிடக்கிற இடம், கோடையில் வருகிறவர்கள் "இங்கே என்ன இருக்கு" என்று கேட்டுவிட்டு முதுமலைக்கு வண்டியைத் திருப்பிவிடுவார்கள். கழுதைப்புலி இருக்கிறது, நாற்கொம்பு மான் இருக்கிறது, மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வெளிமான் இருக்கிறது. ஆற்றங்கரை நீர்மத்தி மரங்களின் உச்சியில் பாறுக் கழுகுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், கூடு கட்டுகின்றன. தென்னிந்தியாவில் இன்னும் பாறு குஞ்சு பொரிக்கிற இடங்கள் மிகக் கொஞ்சம்தான், இது அதில் ஒன்று.

யானை வழித்தடம், ரிசார்ட் என்றால் டிவிக்காரர்கள் வந்துவிடுவார்கள். 2020 அக்டோபரில் சீகூர் யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோதும் பேசினார்கள், நல்லதுதான். பாறுகளின் எமன் மருந்துக் குப்பிக்குள் இருப்பதால் அவ்வளவாக யார் கண்ணிலும் படுவதில்லை.

டைக்ளோஃபினாக். வலிக்கும் வீக்கத்துக்கும் மாட்டுக்குப் போட்டுவந்த ஊசி. போட்ட ஓரிரு நாளில் மாடு செத்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து அதுவும் சாகும். கூட்டமாக இறங்கித் தின்கிற பறவை என்பதால் ஒரே மாடு பல பாறுகளைக் கொன்றுவிடும். நூறு பிணத்தில் ஒன்றுக்கும் குறைவாக இந்த மருந்து இருந்தாலே இந்தியாவில் நடந்த அழிவுக்குப் போதும் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதத்துக்கு மேல் அப்படித்தான் போயின. ஆண்டுக்கு ஒரே முட்டை இடுகிற பறவை, எங்கே ஈடுகட்டுவது?

2006-ல் மாட்டு மருந்தாக இதைத் தடை செய்தார்கள். உடனே மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட ஆரம்பித்தார்கள், 2015-ல் அந்தக் குப்பியை 3 மில்லியாகச் சுருக்க வேண்டிவந்தது. அப்புறம் அதே மாதிரி வலி மருந்துகளில் கீட்டோபுரோஃபெனும் ஆபத்து, அசிக்ளோஃபினாக் மாட்டின் உடம்புக்குள் போய் டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது என்று 2023-ல் அந்த இரண்டுக்கும் தடை. இப்படி ஒவ்வொன்றாகத் துரத்திக்கொண்டிருப்பதற்குப் பதில், பாறுக்கு ஆபத்தில்லை என்று சோதித்துத் தெரிந்த மருந்தை மட்டும் கடைக்கு அனுப்பினால் என்ன? மெலாக்சிகாம் அப்படிச் சோதித்துத் தேறிய மருந்துதான்.

இன்னொன்று விஷம். மசினகுடிப் பக்கம் பட்டி மாடுகள் பாலைவிடச் சாணத்துக்காகவே அதிகம், கேரளத் தோட்டங்கள் வரை அது விலைபோகும். அந்த மாட்டைப் புலி அடித்தால் ஆத்திரத்தில் மிச்ச உடலில் பூச்சிமருந்தைத் தடவுகிறவர்கள் உண்டு. 2023 செப்டம்பரில் எமரால்டு அருகே விஷம் வைத்த மாட்டைத் தின்று இரண்டு புலிகள் செத்தன. அது மேல்மலை. சீகூரில் அப்படி வைத்தால் முதலில் இறங்குவது பாறாகத்தான் இருக்கும். இதில் மாட்டுக்காரரை மட்டும் வில்லனாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை, இழப்பீடு அந்த வாரமே கைக்கு வந்தால் பாதிப் பேர் மருந்து டப்பாவைத் தொடவே மாட்டார்கள்.

காட்டை ஆக்கிரமிக்கிற உண்ணிச்செடி, சீமைக்கருவேலம் பற்றி எழுத ஆரம்பித்தால் பதிவு நீண்டுவிடும், அது தனியாக. மாடு வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த தடவை ஊசி போட வருகிறவரிடம் குப்பியை வாங்கிப் பெயரைப் பாருங்கள், மெலாக்சிகாம் போடச் சொல்லுங்கள்.