காரணம் சொல்லும் இரண்டு கொரிய ஈறுகள்

கொரிய மொழி கற்போர் தொடக்கத்திலேயே தடுமாறும் இணைகளில் ஒன்று, காரணத்தைச் சுட்டும் ‘அசொ’, ‘நிக்கா’ என்னும் வினை ஈறுகள். ‘மழை பெய்வதால்’ என்பதற்கு ‘பிகா வாசொ’ என்றும் ‘பிகா ஓனிக்கா’ என்றும் சொல்லலாம்; ஆனால் அதைத் தொடர்ந்து ‘குடையை எடுத்துச் செல்லுங்கள்’ என்று ஏவவோ, ‘உள்ளே போவோம்’ என்று அழைக்கவோ வேண்டுமானால் ‘ஓனிக்கா’ மட்டுமே பொருந்தும். நம் ‘ஆல்’ உருபு இரண்டு இடங்களிலும் தயங்காமல் வந்து நிற்பதால், தமிழர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடுவதில்லை.

நன்றி சொல்லும்போதும் மன்னிப்புக் கேட்கும்போதும் நிலைமை தலைகீழாகிறது. தாமதமாக வந்தவர் ‘நுஜொசொ மியான்ஹேயோ’ (தாமதமானதற்கு மன்னியுங்கள்; இங்கே ‘அசொ’வே ‘ஒசொ’ என ஒலிக்கிறது) என்றே வருந்த வேண்டும். அங்கே ‘நிக்கா’ சேர்த்தால் வாக்கியம் பிழையாகவே ஒலிக்கும்.

‘நிக்கா’வுக்கு முன் இறந்தகாலக் குறி வரலாம், ‘அசொ’வுக்கு முன் வராது. இவ்விதியை மனப்பாடம் செய்வதைவிட, ‘அசொ’வை நம் வினையெச்சத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே எனக்குச் சரியான வழியாகத் தோன்றுகிறது, ‘நண்பரைச் சந்தித்துப் படம் பார்த்தேன்’ என்பதில் ‘சந்தித்து’ செய்யும் வேலையைக் கொரியத்தில் ‘மன்னாசொ’ செய்கிறது, காலத்தை இறுதி வினையே காட்டுகிறது.