பால் கேனும் பத்தாயிரம் ரூபாயும்

காங்கேயம் பக்கம் மாமன் தோட்டத்தில் கெடா வெட்டு. மதியம் மூணு மணிக்குள் ஒரு குவார்ட்டர் பிராந்தி குடித்திருந்தேன். அதோடு சரி. கறிச்சோறு தின்று, சாளைத் திண்ணையில் ஒரு தூக்கம் போட்டு, மோர் குடித்துவிட்டு ஏழு மணிக்குப் பல்லடத்துக்கு வண்டியெடுத்தேன். போதை தெளிஞ்சிருச்சு என்று மனசார நம்பினேன்.

அவிநாசிபாளையம் தாண்டி போலீஸ் நின்றிருந்தது. "ஏனுங்க, ஓரங்கட்டுங்க." கவரைப் பிரித்துப் புதுக் குழாயை மெஷினில் மாட்டி நீட்டினார்கள். "நிறுத்தாம ஊதுங்க." திரையில் 68 வந்தது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் வழக்கு. மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் உடம்பு இறக்கும். தூக்கமும் மோரும் அதை வேகப்படுத்தாது. இது எனக்குத் தெரிந்தது பிற்பாடுதான்.

மெஷின் துப்பிய சீட்டில் கையெழுத்து வாங்கினார்கள். பேர், நேரம், வண்டி நம்பர் சரியா என்று படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். சட்டைப்பையில் வைத்திருந்த என் சீட்டு, கோர்ட்டுக்குப் போவதற்குள் எழுத்து வெளுத்துவிட்டது.

வண்டி ஸ்டேஷனில் நின்றது. பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, "பஞ்சருங்கப்பா, மெக்கானிக்கிட்ட விட்டிருக்கேன்" என்றேன். இந்த முழுக் கதையிலும் நான் செய்த பெரிய தப்பு அந்தப் பொய்தான்.

காலையில் பால் ஊற்ற சொசைட்டிக்கு இரண்டு கிலோமீட்டர் போகணும். தினமும் நான் வண்டியில் கொண்டுபோவேன். அன்று எழுந்து வாசலுக்கு வந்தபோது அப்பா கேனைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் போய்க்கொண்டிருந்தார். ஒரு தோள் இறங்கியிருந்தது. ஒவ்வொரு கரண்ட் கம்பத்துக்கும் நின்று கை மாற்றினார். ஓடிப்போய்க் கேனை வாங்கி, நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப தூரம் அவர் பேசவில்லை. அப்புறம், "குறுக்க ஒரு குழந்தை வந்திருந்தா என்ன கண்ணு பண்ணியிருப்பே?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அவருக்குப் பழக்கமான வக்கீலிடம் கூட்டிப்போனதும் அவரேதான். முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது 15,000 அபராதம், அல்லது இரண்டும். குடித்தது உண்மையென்றால் ஒப்புக்கொள், மறுத்தால் வாய்தா வாய்தாவாக அலையணும் என்றார் வக்கீல். உள்ளே ஆள் இருக்கு, குறைச்சுத் தர்றேன் என்று கோர்ட் வாசலில் ஒருவர் பின்னாலேயே வந்தார். அந்த மாதிரி ஆளிடம் காசு கொடுக்காதீர்கள். ரசீது வராது, வழக்கும் முடியாது.

பேர் கூப்பிட்டதும் உள்ளே போய்க் கை கட்டி நின்றேன். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார். "ஒப்புக்கறேனுங்க." இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பத்தாயிரம் கட்டினேன். தறிக்குப் பாவு எடுக்க வைத்திருந்த பணம் அது. ரசீது, ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் காட்டி வண்டியை எடுத்தேன். சீட் மேல் விரலால் எழுதும் அளவுக்குப் புழுதி.

அதோடு முடிந்ததென்று நினைத்திருந்தேன். ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அதை மேசைமேல் போட்டுவைக்காமல் நேரில் போய் எழுதிக் கொடுங்கள். லைசென்ஸ் மூணு மாதம் நிறுத்தம். அந்த நாட்களில் வண்டி ஓட்டினால் அது தனி வழக்கு.

அந்த மூணு மாதமும் நானும் அப்பாவும் நடந்தே பால் ஊற்றினோம். கேனின் ஒரு காதை அவர் பிடித்துக்கொள்வார், மறு காதை நான். லைசென்ஸ் திரும்பி வந்த மறுநாள் காலை, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து அவரே என் கையில் கொடுத்தார்.