வங்கியிலிருந்து போர்டு அறைக்கு

வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட, ஒரு குடும்பம் நடத்துகிற பொறியியல் நிறுவனத்தில் இண்டிபெண்டன்ட் டைரக்டராக, அதாவது சார்பற்ற இயக்குநராக, வருவீர்களா என்று கேட்டார்கள். இதே அழைப்பு வந்து யோசித்துக்கொண்டிருக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சரி என்று சொல்வதற்கு முன், சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தில் நடந்த கணக்கு மோசடி விவகாரத்தை மறுபடி படித்தேன். அதன் போர்டில், அதாவது இயக்குநர் குழுவில், ஹார்வர்டு பேராசிரியர் இருந்தார், முன்னாள் கேபினட் செயலாளர் இருந்தார். அப்படிப்பட்ட போர்டுதான் 2008 டிசம்பரில், தலைவரின் குடும்பத்தோடு தொடர்புடைய இரண்டு மேடாஸ் நிறுவனங்களை வாங்க ஒப்புதல் தந்தது. முதலீட்டாளர்கள் கொதித்ததால் அந்த முடிவு கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று, கணக்கில் காட்டிய பணம் கையில் இல்லை என்று அந்தத் தலைவர் ராமலிங்க ராஜுவே எழுதிக் கொடுத்தார். பெரிய பெயர்கள் உட்கார்ந்திருப்பதால் மட்டும் ஒரு போர்டு கண்காணித்துவிடாது. கேட்க வேண்டிய காகிதத்தை யாராவது கேட்க வேண்டும்.

நுழைவதற்கான நடைமுறை கடினமில்லை. டிஜிட்டல் கையொப்பம், இயக்குநர் அடையாள எண், அப்புறம் இந்திய கார்ப்பரேட் விவகார நிறுவனம் நடத்தும் சார்பற்ற இயக்குநர்கள் தரவு வங்கியில் பதிவு. பதிவு செய்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஆன்லைன் தேர்வில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். இயக்குநராகவோ உயர் நிர்வாகப் பதவியிலோ போதிய அனுபவம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. எனக்கு இல்லை, எழுதினேன். நிறுவனச் சட்டம், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் விதிகள், அடிப்படைக் கணக்கியல் எல்லாம் வரும். வங்கிக்காரர்களுக்குக் கணக்கியல் பழகியதுதான், செபி விதிகளை உட்கார்ந்து படிக்க வேண்டும்.

நேரம் எடுத்துக்கொள்ள வேண்டியது சார்பின்மை உறுதிமொழியில். எனக்கோ நெருங்கிய உறவினர்களுக்கோ அந்த நிறுவனத்தோடும் புரமோட்டர்களோடும், அதாவது அதை நடத்தும் குடும்பத்தோடும், பண உறவு உண்டா என்று வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேட்ட பிறகே கையெழுத்துப் போட்டேன். பங்குதாரர்கள் சிறப்புத் தீர்மானம் மூலம், அதாவது பதிவான வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு ஆதரவோடு, நியமனத்தை ஏற்க வேண்டும். பதவிக்காலம் அதிகபட்சம் ஐந்து ஆண்டு. இன்னொரு முறை மட்டும் நீட்டிக்கலாம்.

உண்மையான வேலை, கணக்குகளைக் கண்காணிக்கும் போர்டின் துணைக்குழுவான ஆடிட் கமிட்டியில் தொடங்கியது. முதல் கூட்டத்திலேயே, அஜெண்டாவில் இல்லாத ஒரு விஷயத்தை மேஜையில் வைத்தார்கள். புரமோட்டரின் மைத்துனர் நடத்தும் நிறுவனத்திடம் வார்ப்புப் பொருட்கள் வாங்கும் ஆண்டு ஒப்பந்தம். விலை இருந்தது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு கொட்டேஷன் இல்லை.

"இது வருஷா வருஷம் நடக்கிறதுதான் சார், பாஸ் பண்ணிடலாம். விவரம் அடுத்த கூட்டத்துல தர்றோம்" என்றார் சேர்மன். மரியாதையான மனிதர், அவர் குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. அதனாலேயே மறுப்பது கஷ்டமாக இருந்தது.

ஆனால் 2022 முதல், தொடர்புடையவர்களுடனான பரிவர்த்தனைகளுக்கு ஆடிட் கமிட்டியில் உள்ள சார்பற்ற இயக்குநர்கள் மட்டுமே ஒப்புதல் தர முடியும் என்று செபி விதி சொல்கிறது. அப்படியானால் பொறுப்பு முழுக்க எங்கள் தலையில். நிறுவனச் சட்டம் 149(12) இன்னும் தெளிவு: போர்டு நடைமுறைகள் வழியாகத் தெரிந்து, சம்மதத்தோடு நடந்ததற்கு மட்டுமல்ல, கவனமாகச் செயல்படாமல் விட்டதற்கும் நாம் பொறுப்பு. வெளியாட்கள் இரண்டு பேரின் விலையும், பணம் கொடுக்க அவர்கள் தரும் தவணைக்காலமும் வேண்டும் என்றேன். இன்னொரு சார்பற்ற இயக்குநரும் அதையே சொன்னார். முடிவு தள்ளிவைக்கப்பட்டது.

கூட்டக் குறிப்பின், அதாவது மினிட்ஸின், வரைவு வந்தபோது "விவாதிக்கப்பட்டது" என்று ஒரே வார்த்தைதான். நாங்கள் கேட்ட ஆவணங்களின் பெயரோடு திருத்தி எழுதி கம்பெனி செக்ரட்டரிக்கு அனுப்பினேன். வரைவு கிடைத்த ஏழு நாட்களுக்குள் கருத்துச் சொல்ல வேண்டும், அந்த நாட்களை வீணாக்காதீர்கள். அவர் மறுக்காமல் சேர்த்துக்கொண்டார். நல்ல செக்ரட்டரி கிடைப்பது இந்தப் பதவியில் பெரிய பலம், இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு ஒப்பீட்டுப் பட்டியல் வந்தது. விலையில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் மைத்துனர் நிறுவனத்துக்கு முன்பணம் தரப்பட்டிருந்தது, வெளியாட்களோ பொருள் வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும் என்றார்கள். லாபம் காட்டிய ஆண்டிலும் நிறுவனம் வங்கி ஓவர்டிராஃப்டில் ஓடியதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. வட்டி போனது எல்லாப் பங்குதாரர்களின் பணத்திலிருந்து. முன்பணம் இல்லை என்ற நிபந்தனையோடு ஒப்பந்தத்தை ஏற்றோம். சேர்மனும் அதை ஒப்புக்கொண்டார்.

சார்பற்ற இயக்குநர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது நிர்வாகத்தினர் இல்லாமல் தனியாகக் கூட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. சம்பிரதாயமாகப் பத்து நிமிடத்தில் முடித்துவிடாமல், காகிதங்கள் எப்போது வருகின்றன, என்ன தரத்தில் வருகின்றன என்பதை அங்கே பேசினோம். இப்போது அஜெண்டா குறிப்புகள் ஏழு நாட்களுக்கு முன்பே வந்துவிடுகின்றன. நிர்வாக இயக்குநருக்கு அடுத்து யார் என்ற கேள்வியை நியமனக் கமிட்டியில் எழுப்பியிருக்கிறோம். குடும்பத்துக்கு வெளியே இருக்கும் பெயர்களும் பட்டியலில் வேண்டும் என்று கேட்டிருக்கிறோம், அதற்கு இன்னும் பதில் வரவில்லை.