எவ்வளவு வேகமாக வளர்ந்தது?

ஈஸ்ட் ஆய்வுக்கூடத்தில் வேலை என்று ஊரில் சொன்னால் அடுத்த கேள்வி இட்லி மாவைப் பற்றித்தான் வரும். மாவைப் பொங்க வைப்பதில் பெரும்பங்கு லாக்டிக் அமில பாக்டீரியாக்களுடையது. கள்ளைப் பற்றிக் கேட்டால் மறுக்க மாட்டேன். நாங்கள் குடுவையில் வளர்க்கிற சாக்கரோமைசெஸ் செரிவிசியே அங்கேயும் நுரைத்துக்கொண்டிருக்கிறது. பெரியவர்கள் முன்னால் அதைச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இந்த ஈஸ்ட் எதைத் தின்று எந்த வேகத்தில் வளரும்போது எந்த மரபணுக்களின் வேலையை ஏற்றுகிறது, எவற்றின் வேலையை இறக்குகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. மொத்தம் ஏறக்குறைய 6,000 மரபணுக்கள். உட்கரு உள்ள உயிர்களில் முதன்முதலாக முழு மரபணுத் தொகுதியும் வாசிக்கப்பட்டது இதற்குத்தான், 1996இல். அடுத்த ஆண்டே ஸ்டான்போர்டில் டிரைசி, ஐயர், பிரவுன் மூவரும் கண்ணாடி வில்லைகளில் எல்லா மரபணுக்களின் ஆர்.என்.ஏ.வையும், அதாவது வேலை செய்யும் மரபணுவிலிருந்து எடுக்கப்படும் படியை, ஒன்றாக அளந்தார்கள். குளுக்கோஸ் தீர்ந்ததும் ஈஸ்ட், தான் வெளியேற்றிய எத்தனாலையே திரும்ப எடுத்துத் தின்னத் தொடங்கும். அந்தத் திருப்பத்தில் சுமார் 1,700 மரபணுக்களின் ஆர்.என்.ஏ. அளவு இரண்டு மடங்காவது கூடியோ குறைந்தோ போயிருந்தது.

அன்றிலிருந்து இந்தத் துறையில், ஏறிய மரபணுக்கள் எவை, இறங்கியவை எவை என்ற பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு மரபணுவை நீக்கினால் ஒரு பட்டியல், ஒரு மருந்தை ஊற்றினால் ஒரு பட்டியல், சூடு பண்ணினால் இன்னொன்று. புதிதாகச் சேரும் மாணவர்கள் பட்டியலோடு என் மேசைக்கு வந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: செல் எவ்வளவு வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது? முதலில் முழிப்பார்கள். பிறகு ஓ.டி., அதாவது செல்கள் பெருகப் பெருகக் கூடும் கலங்கலை, அளந்த நோட்டைத் தேடப் போவார்கள்.

இந்தக் கேள்வியில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் ரைபோசோம், செல்லுக்குள் புரதம் கட்டும் இயந்திரம். வேகமாக வளரும் ஒரு ஈஸ்ட் செல்லில் சுமார் 2 லட்சம் ரைபோசோம்கள் இருக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்க வேண்டுமானால் நிமிடத்துக்கு 2,000 புதிதாகக் கட்டியாக வேண்டும். செல் படியெடுக்கும் ஆர்.என்.ஏ.யில் 60 சதவீதம் இந்த ஒரு வேலைக்கே போகிறது. 1999இல் ஜொனாதன் வார்னர் போட்டுக் காட்டிய கணக்கு இது. பந்திக்கு ஆள் கூடினால் அடுப்பைக் கூட்டுவதும், ஆள் குறைந்தால் விறகை இழுப்பதும் போல ஈஸ்ட் நடந்துகொள்கிறது. உணவு இருக்கிற செய்தியை டார், பிகேஏ என்னும் இரண்டு சமிக்ஞைப் பாதைகள் கொண்டுபோகின்றன. அவை தணிந்ததும் ரைபோசோம் மரபணுக்கள் அடங்கும். எம்எஸ்என்2, எம்எஸ்என்4 புரதங்கள் உட்கருவுக்குள் புகுந்து நெருக்கடிக்கால மரபணுக்களை எழுப்பும். ஆக, எந்தக் காரணத்தால் வளர்ச்சி மந்தமானாலும் ஏறத்தாழ இதே படம்தான் கிடைக்கும். பட்டியலில் ரைபோசோம் இறங்கி, நெருக்கடி மரபணுக்கள் ஏறியிருந்தால் ‘மருந்து வேலை செய்கிறது’ என்று குதிப்பதற்கு முன் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

வேகத்தைச் செல்லிடம் விடாமல் நம் கையில் வைத்துக்கொள்ள ஒரு கருவி இருக்கிறது: கீமோஸ்டாட். 1950இல் பாரிஸில் மொனோ, அமெரிக்காவில் நோவிக், சிலார்டு என்று இரண்டு இடங்களில் தனித்தனியாக உருவானது. பாத்திரத்துக்குள் புது மீடியா, அதாவது சத்துக் கரைசல், சீராக இறங்கும், அதே அளவு கல்ச்சர், செல்கள் கலந்த திரவம், மறுபக்கம் வழிந்து போகும். ஏதோ ஒரு சத்தை மட்டும் குறைவாக வைத்தால், கொஞ்ச நேரத்தில் செல்களின் வளர்ச்சி வேகமும் நாம் பம்ப்பில் வைத்த வேகமும் ஒன்றாகிவிடும். சொல்ல இவ்வளவு எளிது. ஓட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும், சுவரில் படியும் செல் படலமும், நுரை ஏறி அடைத்துக்கொள்ளும் வடிகட்டியும், நள்ளிரவில் பம்ப் குழாய் தேய்ந்து ஒழுகுவதும். வாரக்கணக்கில் ஓடவிட்டால் உள்ளேயே பிறழ்வு செல்கள் தோன்றி மற்றவற்றை ஓரங்கட்டிவிடும்.

பிரின்ஸ்டனில் பாட்ஸ்டைன் குழு 2008இல் இதைத்தான் பெரிய அளவில் செய்தது. குளுக்கோஸ், அமோனியம், பாஸ்பேட், சல்பேட், லூசின், யூராசில் என ஆறு சத்துகள். ஒவ்வொன்றுக்கும் ஆறு வேகங்கள். எந்தச் சத்து குறைந்தாலும், கால்வாசிக்கும் மேற்பட்ட மரபணுக்கள் வேகத்தோடு மட்டுமே நேர்க்கோட்டில் ஏறி இறங்கின. அந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. பாஸ்பேட்டோ சல்பேட்டோ தீர்ந்தால் ஈஸ்ட் பிரிவதை நிறுத்தி, மீந்த குளுக்கோஸை மிச்சம் பிடிக்கிறது. ஆனால் லூசினை, யூராசிலைத் தானே செய்யத் தெரியாதபடி ஆய்வுக்கூடத்தில் மாற்றிய வகைகள், அவை தீர்ந்த பிறகும் குளுக்கோஸைக் கண்டபடி எரிக்கின்றன. இயற்கையில் பழகிய பஞ்சத்துக்கு வழி தெரியும். நாம் உண்டாக்கிய பஞ்சத்துக்குத் தெரியாது. நாங்கள் அன்றாடம் கையாளும் வகைகளில் பல இப்படி மாற்றப்பட்டவைதான் என்பதை நினைத்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

மாதிரி எடுக்கும் வேலையில் இன்னொரு தலைவலி. ஈஸ்ட் மாறுவதற்கு நிமிடங்களே போதும். பட்டினி கிடந்த கல்ச்சரில் குளுக்கோஸ் சேர்த்தால், வளர்ச்சி வேகம் கூடுவதற்கு முன்பே ரைபோசோம் மரபணுக்கள் ஏறத் தொடங்கிவிடும். சென்ட்ரிஃப்யூஜில் சாவகாசமாகச் சுற்றி அடியில் படிய வைத்தால், அந்த நேரத்துக்குள் உணவும் காற்றும் போய், நாம் அளப்பது சுழற்சியின் பாதிப்பாகிவிடும். அதனால் வடிகட்டித் தாளில் உறிஞ்சி, தாளோடு திரவ நைட்ரஜனில் போடுவோம். அப்புறம் சூடான பீனாலில் ஆர்.என்.ஏ. பிரித்தெடுப்பு. அந்த வாடை ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும்.

சென்ற பருவத்தில் சேலத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி, ஒரு தாவரத்திலிருந்து பிரித்த சேர்மத்தை ஈஸ்ட்டில் சோதித்தாள். பட்டியல் பக்கம் பக்கமாக நீண்டது. “அக்கா, எல்லா வேலையையும் இது நிறுத்துது போல” என்றாள். கேள்வியைக் கேட்டேன். சேர்மம் ஊற்றிய குடுவையில் இரட்டிக்கும் நேரம் நன்றாகவே கூடியிருந்தது. இரண்டு கீமோஸ்டாட்டை ஒரே வேகத்தில் ஓட்டி, ஒன்றில் மட்டும் சேர்மத்தைச் சேர்க்கச் சொன்னேன். முகம் வாடியது, புரிகிறது, இருந்த பட்டியலோடே கட்டுரை எழுத ஆரம்பித்திருந்தாள்.

ஒரே வேகத்தில் ஓட்டியபோது பட்டியலின் பெரும்பகுதி காணாமல் போனது. ரைபோசோம் போனது, நெருக்கடி மரபணுக்களும் போயின. மிஞ்சியது ஒரு கைப்பிடி. அதில் பிடிஆர்5 இருந்தது. வேண்டாத வேதிப்பொருளை வெளியே தள்ளும் பம்ப் அது, எந்த மருந்துக்கும் எட்டிப் பார்க்கும். மற்றவை எஃப்இடி3, எஃப்டிஆர்1 என்று இரும்பை உள்ளே இழுக்கும் கூட்டம். நீண்ட பட்டியலிலும் இவை இருந்தன, எங்கோ நடுவில், யார் கண்ணிலும் படாமல். சேர்மம் மீடியாவிலுள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறதோ என்று அவளேதான் முதலில் சொன்னாள். இப்போது இரும்பு உப்பைக் கூடுதலாகச் சேர்த்து அதே சோதனையை மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.