இடது தோளுக்குப் பின்னால்

செப்டம்பர் 28, சனி

இவருடைய விமானப் பயிற்சிக்குத் தேதி குறித்தாயிற்று. அக்டோபர் 12, தனியாக விமானத்தை ஓட்டிக்கொண்டு கடலோர மான்டரே வரை போய்த் திரும்ப வேண்டுமாம். சரி என்றேன். வேறு தேதியே கிடைக்கவில்லையா என்று வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

செப்டம்பர் 30

தூக்கம் இல்லை.

அக்டோபர் 2

திரும்பவும் அந்த விபத்து அறிக்கையைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், வயது 53, 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். 1997 அக்டோபர் 12 மாலை 5:12க்கு மான்டரேயில் ஏறியவர் 5:28க்குப் பசிபிக் குரோவ் கரையை ஒட்டிக் கடலில். பதினாறு நிமிஷம், நான் அரிசி களைந்து குக்கர் வைத்து இறக்குகிற நேரம்கூட இல்லை. என்ஜின் பட் பட்டென்று அடித்து அடங்கியதைக் கரையில் இருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். விமானம் லாங் ஈஸி, யாரோ வீட்டிலேயே கட்டியது, இவர் புதிதாக வாங்கியது. எந்த டாங்கிலிருந்து பெட்ரோல் வரவேண்டும் என்று மாற்றுகிற பிடி, விமானத்தின் மூல வரைபடத்தில் பைலட்டின் இரண்டு காலுக்கும் நடுவில் இருக்கிறது. கட்டியவர் பெட்ரோல் குழாய் ஆள் உட்காருகிற இடத்துக்குள் வரக்கூடாது என்று பயந்து, அதை இடது தோளுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டார். பயந்துதான் வைத்திருக்கிறார். அதை நினைத்தால்தான் ஆறவில்லை.

அக்டோபர் 5

சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்து, இடது தோளுக்குப் பின்னால் வலது கையை நீட்டிப் பார்த்தேன். உடம்பு திரும்பும்போது வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. நாலு தடவை செய்தேன், நாலு தடவையும் அழுத்தியது. அறிக்கையிலும் அதேதான், பிடியை எட்டத் திரும்பியபோது வலது ரடரை, அதாவது விமானத்தை வலப்பக்கம் திருப்புகிற மிதியை, மிதித்திருக்கலாம் என்று. அத்தை பார்த்துவிட்டு, "கழுத்து பிடிச்சுக்கிச்சாம்மா?" என்று தைலம் எடுத்து வந்தார். தேய்க்க விட்டேன்.

அக்டோபர் 7

உங்கள் விமானத்தில் அந்தப் பிடி எங்கே இருக்கிறது என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். தரையில், இரண்டு சீட்டுக்கும் நடுவில், 'போத்' என்று வைத்தால் இரண்டு டாங்கிலிருந்தும் வருமாம். ஆயிரம் அடியில் என்ஜின் நின்றாலும் இவர் ஓட்டுகிற செஸ்னா ஒன்றரை மைல் மிதந்து போகுமாம், உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினார். ஏறுவதற்கு முன்னால் கொஞ்சம் பெட்ரோல் பிடித்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்களாம், சொட்டு நீலம் போட்ட தண்ணீர் மாதிரி இருக்குமாம். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்குக் கோபம் வந்தது. அத்தைதான், "நடுவுல நின்னுட்டா ஓரமா நிறுத்த முடியாதேப்பா" என்றார்.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. ஹெட்செட், லாக் புக், சின்னவளின் கணக்குப் புத்தகம், கார் சாவி. கராஜிலிருந்து வைஸ் கிரிப்பையும், இறுக்கிப் பிடித்துக்கொள்கிற குறடு, எடுத்து வந்து நானே சந்தனம் குங்குமம் வைத்தேன். டென்வருக்கும் பிடி எட்டாமல் இதே மாதிரி ஒன்றை மாட்டிப் பார்த்தார்களாம், அப்படியும் எட்டவில்லை. சரி, பறக்கும்போது ஆட்டோ பைலட்டில் போட்டுவிட்டுத் திருப்பிக்கொள்கிறேன் என்றிருக்கிறார். இது எதற்கு என்று இவர் கேட்டார். ஆயுதம்தானே என்றேன்.

அக்டோபர் 12

மூடுபனி. ரத்து. கேசரி கிளறினேன். விஜயதசமிக்கு என்று சொல்லிக்கொண்டேன்.

அக்டோபர் 13

பேசவில்லை. பனியை நான்தான் வரவழைத்தேன் என்கிற மாதிரி ஒரு பார்வை.

அக்டோபர் 16

அன்றைக்கு டென்வரிடம் பெட்ரோல் போடட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரம்தானே பறக்கப் போகிறேன், வேண்டாம் என்றாராம். எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்று பார்க்கிற இடத்தில் அளவுக் கோடுகூட ஒழுங்காக இல்லாத விமானம் அது. நானும்தான் சொல்வேன், பள்ளிக்கூடம் வரைக்கும்தானே என்று. சாயந்திரம் பாதி டாங்க் இருக்கும்போதே காருக்கு நிரப்பிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 19, சனி

பளீரென்று வெயில். ஒன்றே முக்காலுக்குக் கிளம்பினார்.

2:50. "இறங்கிட்டேன். டாங்க் நிரப்பச் சொல்லிட்டேன், போதுமா?"

போதுமாவா? நான் இவரிடம் டென்வர் பெயரைக்கூட எடுத்ததில்லை. லேப்டாப்பை மூடாமல் வைத்திருக்கிறேன் போல.

4:05. "கிளம்பறேன்."

அரிசி எத்தனை டம்ளர் என்று அத்தை இரண்டாவது தடவையாகக் கேட்கிறார்.