பாலத்தை ஒட்டாமல் விட்ட கதை

கோலாலம்பூர் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தை 1:500 அளவில் அட்டையில் செய்யத் தொடங்கி, 452 மீட்டர் உயரத்துக்கு 90 சென்டிமீட்டர் வரவேண்டியதில், உச்சிக் கூம்பு தவிர மற்றதெல்லாம் கல்லிடைக்குறிச்சி வீட்டு மாடியில் எழுந்துவிட்டது. ஆனால் 41, 42ஆம் தளங்களை இணைக்கும் பாலம் இரண்டு முறை பிய்த்துக்கொண்டு, மூன்றாம் முறையாக நேற்றுத்தான் உட்கார்ந்தது.

தளங்களை வெட்டுவது பெரிய வேலையாக இல்லை. ஒரு சதுரத்தின் மேல் இன்னொன்றை 45 பாகை திருப்பி வைத்து, உள்மூலைகளில் அரைவட்டம் நிரப்பிய கட்டடக் கலைஞர் சீசர் பெல்லியின் வரைபடத்தைப் பார்த்த ஆச்சி, “இது வாசலில் போடுகிற கோலந்தானே” என்று சொல்லி, என் கோணல் கோட்டைத் திருத்தியும் கொடுத்தார்.

பாலத்துக்கு வருகிறேன். அசலில் 58.4 மீட்டர், என்னிடம் 11.7 சென்டிமீட்டர். முதல் இரண்டு முறையும் இரு முனைகளையும் பசையால் இறுக்கினேன். ஆனி மாதச் சாரலில் அட்டை ஈரம் குடித்து உப்ப, காற்றுக்குக் கோபுரங்கள் ஆளுக்கொரு பக்கம் அசைய, முதல் முறை ஒட்டு விட்டது. அடுத்த முறை முகப்பையே உரித்துக்கொண்டு வந்தது. பசை விற்றவரை ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் அசலைக் கவனித்தேன்: பெருங்காற்றில் கோபுரங்கள் தனித்தனியே ஆடும் என்பதால், அங்கே பாலத்தின் முனைகள் இறுக்கப்படாமல் வழுக்கி நகரும்படி விடப்பட்டிருக்கின்றன, 29ஆம் தளத்திலிருந்து சாய்ந்தெழும் கால்கள் நடுவில் கூடி அதைத் தாங்குகின்றன, அந்தக் கால்களின் அடியிலும் உருண்டைத் தாங்கிகள்தாம்.

அதையே சிறிதாக்கினேன். உருண்டைத் தலை வைத்த குண்டூசியைத் தலைகீழாகக் காலின் நுனியில் செருகி, பேனா ரீஃபிலை அரை சென்டிமீட்டருக்கு நறுக்கிக் கோபுரத்தில் பதித்து, அந்தக் குழிக்குள் தலையை உட்கார வைத்தேன். நான்கு கால்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. இப்போது கோபுரத்தை விரலால் தள்ளினால் பாலம் முனகாமல் நகர்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் தள்ளிக் காட்டிவிட்டேன்.

முகப்புக்கு, குளிர்சாதனம் பழுதுபார்ப்பவர்கள் சுற்றும் அலுமினிய நாடாவை வண்ணார்பேட்டையில் வாங்கினேன். கைவினைக் கடைத் தாளைவிட மலிவு, சுருக்கமும் விழுவதில்லை. உச்சிக் கூம்பை அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புச் சாமான் கடைகிறவர்களிடம் மரத்தில் கடையக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அதற்குள், ஒரு கால் ஒரு மில்லிமீட்டர் குட்டையாகிப் பாலம் இரண்டாம் கோபுரத்தின் பக்கம் சாய்வதைச் சரிசெய்ய வேண்டும்.